என் அம்மாவுக்கு வந்தது தேய்மானம் அல்ல

என் அம்மாவுக்கு 66 வயதாக இருந்தபோது, ஈரத்துணி நிறைந்த வாளியைத் தரையிலிருந்து தூக்கிய கணத்தில் முதுகின் நடுவே சுளீரென்று ஒரு வலி வந்தது. அவர் வழுக்கவில்லை, விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவும் இல்லை. பிடிப்பு என்று நினைத்து நாங்கள் தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். பத்து நாள் கழிந்தும் படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் அவர் தவித்த பிறகுதான் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. படத்தைப் பார்த்த மருத்துவர், "வயசாயிடுச்சில்லம்மா, எலும்புத் தேய்மானம்தான்" என்று சொல்லி வலி மாத்திரையும் இடுப்புப் பட்டையும் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒற்றைச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து எட்டு மாதம் தங்கியது. செருப்பு தேய்கிறது, கத்தி தேய்கிறது, வண்டிச் சக்கரம் தேய்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்கிற பொருளைப் பாதுகாக்க ஒரே வழி அதைக் குறைவாகப் பயன்படுத்துவதுதான் என்று யாருக்கும் தோன்றும். அம்மாவுக்கும் அப்படியே தோன்றியது. காலை நடையை நிறுத்தினார், மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார், பகலில் பெரும்பாலான நேரத்தைக் கட்டிலிலும் நாற்காலியிலும் கழித்தார். நாங்களும் "அசையாதீங்கம்மா" என்று அன்போடு அவரை உட்கார வைத்துக்கொண்டே இருந்தோம். வலி குறைந்தது; ஆனால் அவர் குனிந்துகொண்டே போனார். பிறகு வேறொரு மருத்துவர் அதே பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பும் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பும் முன்புறம் நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருப்பதை விரலால் சுட்டிக் காட்டினார். "இது தேய்மானம் இல்லை, ரெண்டு எலும்பு முறிஞ்சிருக்கு" என்றார். முதுகில் இரண்டு எலும்புகள் முறிந்த நிலையில் அம்மா எட்டு மாதம் எங்களோடு இருந்திருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. அந்த நாளுக்குப் பிறகு படித்தும், மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். முதலில் சொல்ல வேண்டியது பெயரைப் பற்றி. நம் பேச்சு வழக்கில் தேய்மானம் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது இரண்டு வெவ்வேறு நோய்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. முழங்காலில் "ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்று சொல்லப்படுவது மூட்டுக்குள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சிதைவது. அதில் வலியும் இறுக்கமும்தான் முக்கிய அறிகுறிகள். அம்மாவின் முள்ளெலும்புகளை முறித்த ஆஸ்டியோபோரோசிஸ் என்பது மூட்டின் நோயே அல்ல. எலும்பின் உள்ளமைப்பு அடர்த்தி இழந்து, துளைகள் பெருகி, சிறு விசைக்கும் முறியக்கூடியதாக மாறுவது அது. முறிவு ஏற்படும் வரை அதில் வலி இல்லை, வீக்கம் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. இதற்குத் தமிழில் எலும்புப்புரை என்று மிகப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது. புரை என்றால் உள்துளை. புரையோடிய மரம் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே கூடாகியிருக்கும். 1830-களில் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் நோய்க்குறியியல் அறிஞர் ஜான் லோப்ஸ்டைன் சில எலும்புகளில் துளைகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டு ஆஸ்டியோபோரோசிஸ் என்ற பெயரை உருவாக்கியபோது அவர் மனத்தில் இருந்ததும் இதே படிமம்தான். அந்தத் தமிழ்ச் சொல்லை மருத்துவரோ நாங்களோ பயன்படுத்தியிருந்தால், அம்மா நடப்பதை நிறுத்தியிருக்க மாட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

தேய்மானம் என்ற சொல் ஏன் தவறாக வழிநடத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள, எலும்பு உயிருள்ள திசு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். கொலாஜன் என்னும் புரத இழைகளின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம் படிந்து உருவான எலும்பு, வாழ்நாள் முழுவதும் ஓரிடத்தில் இடிக்கப்பட்டு அதே இடத்தில் மறுபடி கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் செல்கள் பழைய எலும்பை அமிலத்தாலும் நொதிகளாலும் கரைத்துச் சிறு குழி பறிக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் செல்கள் அந்தக் குழிக்குள் புதிய எலும்பை நிரப்புகின்றன. இடிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்புவதற்கு மூன்று நான்கு மாதங்கள் பிடிக்கும். இப்படி ஆண்டொன்றுக்கு எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 10 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது. அன்றாட நடையில் விழும் நுண்ணிய விரிசல்கள் சேர்ந்து பெரிதாகாமல் காப்பதும், இரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தைக் கொடுத்து வாங்குவதும் இந்த இடைவிடாத பணியால்தான் நடக்கின்றன. எனவே எலும்பு பயன்பாட்டால் குறைவதில்லை. பறிக்கப்படும் குழி, நிரப்பப்படும் அளவைவிடச் சற்றே பெரிதாகும்போது அது குறைகிறது. ஒவ்வொரு குழியிலும் நேரும் குறை மிகச் சிறியது. ஆனால் ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கான இடங்களில், பத்து இருபது ஆண்டுகள் அது தொடர்கிறது.

இழப்பு எல்லா எலும்பிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. எலும்புக்கூட்டின் எடையில் சுமார் 80 சதவீதம் வெளிப்புறக் கெட்டி எலும்பு. மீதி 20 சதவீதம் உள்ளே கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னலாக இருக்கிறது. இடிக்கும் செல்கள் பரப்பின் மேல்தான் வேலை செய்ய முடியும்; எடை குறைவாக இருந்தாலும் அந்த வலைப்பின்னலுக்குப் பரப்பு மிக அதிகம் என்பதால் அதுவே முதலில் கரைகிறது. முள்ளெலும்புகளின் உட்பகுதியும் மணிக்கட்டின் முனையும் பெரும்பாலும் இந்த வலைப்பின்னலால் ஆனவை. அதற்குள் செங்குத்தான நுண்தூண்களும், அவற்றை இடையிடையே பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும் இருக்கின்றன. நோயில் முதலில் மறைபவை இந்தக் குறுக்குச் சட்டங்கள். பொறியியல் படித்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: மெல்லிய தூண் வளைந்து ஒடியாமல் தாங்கும் சுமை, அதன் பிணைப்பற்ற நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. நடுவில் இருந்த ஒரு சட்டம் போய்விட்டால் தூணின் நீளம் இரட்டிப்பாகிறது, தாங்கும் திறன் நான்கில் ஒன்றாகிறது. எடையில் சிறிதளவே குறைந்த எலும்பு, வலிமையில் ஏன் இவ்வளவு வீழ்கிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை இதுதான். ஒரு வாளி ஈரத்துணிக்கு அம்மாவின் முதுகு நசுங்கியது எப்படி என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இந்த இழப்பு ஏன் தொடங்குகிறது என்ற கேள்வியில், பெண்களைப் பொறுத்தவரை முதல் இடம் சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனுக்கு. இடிக்கும் செல்கள் உருவாகவும் உயிர்வாழவும் ஒரு குறிப்பிட்ட புரதச் சைகை தேவை. ஈஸ்ட்ரோஜன் அந்தச் சைகையை அடக்கி வைக்கிறது. மாதவிடாய் நிற்கும்போது அந்தக் கடிவாளம் தளர்கிறது. இடிக்கும் செல்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன, நீண்ட நாள் வாழ்கின்றன, ஆழமாகப் பறிக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகான முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சில பெண்கள் தங்கள் எலும்பில் 20 சதவீதம் வரை இழக்கிறார்கள். பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941-இல், தம்மிடம் முள்ளெலும்பு முறிவோடு வந்த பெண்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள் என்பதைக் கவனித்து, இந்த நோய்க்கும் சினைப்பைச் சுரப்புக்கும் உள்ள தொடர்பை எழுதினார். வயது மட்டுமே காரணம் என்ற எண்ணம் அன்றே ஆட்டம் கண்டுவிட்டது.

என் அம்மாவின் கதையில் அந்தத் தொடர்பு இன்னும் முன்னதாகவே தொடங்கியிருந்தது. அதிக உதிரப்போக்குக்காக அவருடைய 41-ஆவது வயதில் கருப்பையை எடுத்தபோது, இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். இயல்பாக ஐம்பதை ஒட்டி நிகழ வேண்டிய மாற்றம், அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, அதுவும் ஒரே நாளில் நிகழ்ந்தது. 45 வயதுக்கு முன் மாதவிடாய் நிற்பது, இயற்கையாக நின்றாலும் அறுவை சிகிச்சையால் நின்றாலும், எலும்புப்புரைக்கு முக்கியமான இடர்க்காரணி என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற உண்மை. அதை அவரிடம் எவரும் சொல்லவில்லை. தொல்லை தீர்ந்தது என்று அவர் நிம்மதியாக இருந்த ஆண்டுகளில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைந்திருக்கிறது. கருப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டுவைப்பதும், இரண்டையும் எடுப்பதும் எலும்பைப் பொறுத்தவரை ஒன்றல்ல. அப்படிப்பட்ட அறுவை சிகிச்சைக்குச் செல்லும் பெண்ணும் அவள் வீட்டாரும் மருத்துவரிடம் சினைப்பைகளையும் எடுக்கத்தான் வேண்டுமா என்ற ஒரு கேள்வியையாவது கேட்டுத் தெளிவு பெற வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

57 வயதில் அம்மா வாசற்படியில் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தபோது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள், ஆறு வாரத்தில் எலும்பு கூடியது, எல்லாரும் மறந்துவிட்டோம். நின்ற நிலையிலிருந்து, அதாவது தன் உயரத்திலிருந்து மட்டுமே விழுந்து எலும்பு முறிந்தால், அது விபத்தாக மட்டும் பார்க்கப்படக் கூடாது. ஆரோக்கியமான எலும்பு அந்த வீழ்ச்சியைத் தாங்கியிருக்க வேண்டும். ஐம்பதைக் கடந்தவருக்கு இப்படி நேரும் முதல் முறிவே நோயின் அறிவிப்பு. ஒரு முறிவு ஏற்பட்டவருக்கு அடுத்த முறிவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. முள்ளெலும்பு முறிவில் இது இன்னும் தீவிரம்: ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள்ளேயே இன்னொன்று முறிகிறது. ஆனாலும் முள்ளெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு கண்டறியப்படாமலே போகின்றன. முதுகுவலி என்றும், வயது என்றும், கூன் என்றும் அவை வேறு பெயர்களில் வாழ்கின்றன. இளமையில் இருந்த உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முள்ளெலும்பு நசுங்கியிருக்கக்கூடும் என்று ஐயப்பட வேண்டும். அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டுக்காக அளந்த உயரத்தோடு ஒப்பிட்டபோது அவர் ஆறு சென்டிமீட்டர் குறைந்திருந்தார். அவருடைய சேலைகள் எல்லாம் தரையில் புரள ஆரம்பித்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

முறிவுகளில் மிகக் கொடியது இடுப்பருகே தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் நேர்வது. அதற்குப் பின் ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார். பிழைப்பவர்களிலும் பலர் முன்பு போல் துணையின்றி நடக்கும் நிலைக்குத் திரும்புவதில்லை. என் பாட்டி, அதாவது அம்மாவின் அம்மா, 78 வயதில் இரவில் எழுந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஐந்து மாதத்தில் போய்ச் சேர்ந்தார். "விழுந்ததில் போய்விட்டார்" என்றுதான் இன்றும் வீட்டில் சொல்கிறோம்.

பாட்டியை இங்கே நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவருடைய எலும்பு எவ்வளவு கெட்டியாக வளரும் என்பதில் மரபுக்கு 60 முதல் 80 சதவீதம் வரை பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பருகே முறிவு ஏற்பட்டிருப்பது, எலும்பு அடர்த்தி எப்படி இருந்தாலும், பிள்ளைகளுக்குத் தனி இடர்க்காரணி. எலும்பு தன் உச்ச அளவை இருபதுகளின் இறுதிக்குள் எட்டிவிடுகிறது. அதில் மிகப் பெரும் பகுதி பதின்பருவம் முடிவதற்குள்ளேயே சேர்ந்துவிடும். அதற்குப் பின் வாழ்நாள் முழுவதும் நாம் செலவழிப்பது அந்தச் சேமிப்பைத்தான். பூப்பெய்தும் பருவத்தில் போதிய உணவு இல்லாத சிறுமி, உடல் மெலிவுக்காகப் பட்டினி கிடக்கும் இளம்பெண், அளவுக்கு மீறிய பயிற்சியால் மாதவிடாய் நின்றுபோன தடகள வீராங்கனை ஆகியோர் முதுமையில் எலும்புப்புரைக்கு ஆளாகும்போது, அதன் வேர் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. முதியோர் நோய் என்று நாம் அழைப்பது உண்மையில் சிறார் பருவத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

மரபை மாற்ற முடியாது. ஆனால் எலும்பு தன் மேல் விழும் சுமையைக் கேட்டு நடக்கும் திசு. பெர்லின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல், எலும்பு தான் தாங்கும் சுமைக்கேற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று எழுதினார். எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள்தான் இதை உணர்கின்றன. எலும்பு செல்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இவைதான். நுண்கால்வாய்கள் வழியே ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு, எலும்பு வளையும்போது அந்தக் கால்வாய்களில் திரவம் நகர்வதை அறிந்து, எங்கே கட்ட வேண்டும், எங்கே இடிக்கலாம் என்று சைகை அனுப்புகின்றன. சிறு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருப்பது இதனால்தான். எடையற்ற விண்வெளியில் இருப்பவர்கள் இடுப்புப் பகுதியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் எலும்பு அடர்த்தியை இழப்பதும் இதனால்தான். மாதவிடாய் நின்ற பெண் ஓர் ஆண்டு முழுவதும் இழக்கும் அளவை அவர்கள் ஓரிரு மாதத்தில் இழக்கிறார்கள். நீண்ட படுக்கை ஓய்வும், பக்கவாதத்தால் செயலிழந்த காலும் இதே வழியில்தான் எலும்பை இழக்கின்றன. அம்மா தேய்ந்துவிடக் கூடாது என்று நாங்கள் உட்கார வைத்திருந்த எட்டு மாதங்களை நினைக்கும்போது இன்னும் நெஞ்சு கனக்கிறது. அந்தப் பழி அவர்மேல் இல்லை. அவர் கேட்ட சொல்லுக்கு உண்மையாக நடந்துகொண்டார். முறிவு நேர்ந்த முதல் சில நாள்களுக்கு ஓய்வு தேவைதான். அதன்பின் அவருக்குத் தேவைப்பட்டது, குனிந்து தூக்குவதைத் தவிர்த்து, நிமிர்ந்து நடக்கவும் முதுகுத் தசைகளை வலுவாக்கவும் கற்றுத் தரும் இயன்முறைப் பயிற்சி.

கால்சியத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு சதவீதம் இல்லாமல் இதயமோ தசையோ நரம்போ இயங்காது. இரத்தத்தில் அதன் அளவு சற்றுக் குறைந்தாலும் கழுத்திலுள்ள நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்தாவது அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. உடலின் கணக்கில் இதயத்துக்குத்தான் முதல் உரிமை. குடலிலிருந்து கால்சியம் உள்ளே வர வைட்டமின் டி வேண்டும். அது பெரும்பாலும் வெயில் படும் தோலில் உருவாகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்றே செயல்படத் தொடங்குகிறது. வெளியே செல்லாத முதியவர்களுக்கும், கறுத்த தோல் உடையவர்களுக்கும், உடலை முழுதாக மூடி உடுத்துபவர்களுக்கும் அது குறைவது எளிது. கடுமையான வைட்டமின் டி குறைவில் கனிமம் படியாமல் எலும்பே மென்மையாகிவிடும். அது வேறு நோய், அதற்கு வேறு சிகிச்சை. ஐம்பது வயதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் இழப்பால் கரையும் எலும்பைக் கால்சிய மாத்திரை மட்டுமே தடுத்து நிறுத்திவிடாது. செங்கல் குவிந்து கிடந்தாலும் கொத்தனாரைவிட இடிப்பவர்கள் அதிகமாக இருந்தால் சுவர் எழாது. "நான்தான் கால்சியம் சாப்பிடுகிறேனே" என்ற நிம்மதியோடு பல ஆண்டுகளைக் கடந்த பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

பிற நோய்களும் மருந்துகளும் எலும்பைக் கரைப்பது பற்றி இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டும். அவற்றுள் முதன்மையானது ஸ்டீராய்டு. ஆஸ்துமா, முடக்குவாதம், தோல் நோய்கள், சிறுநீரக நோய்கள் எனப் பலவற்றில் உயிர் காக்கும் மருந்து அது. அதைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. ஆனால் பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரையை நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அளவில் மூன்று மாதம் எடுத்தாலே எலும்பு முறியும் வாய்ப்பு கூடுகிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே அது ஏறிவிடுகிறது. கட்டும் செல்களை அது மடியச் செய்கிறது, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது, சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் கூட்டுகிறது, தசைகளை மெலியச் செய்து விழும் வாய்ப்பையும் அதிகரிக்கிறது. எனவே நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கும் அன்றே எலும்பைப் பற்றிய பேச்சும் தொடங்க வேண்டும். அதே நேரத்தில், இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மூச்சு வழியே உறிஞ்சும் இன்ஹேலர்களில் வழக்கமான அளவில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தாலும், தைராக்ஸின் மாத்திரை தேவையைவிட அதிகமாக நீண்ட நாள் போனாலும் எலும்பின் சுழற்சி வேகமாகி இழப்பு கூடும். மார்பகப் புற்றுநோய்க்கும் புரோஸ்டேட் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் ஹார்மோன் தடுப்பு மருந்துகள், ஃபெனிட்டாயின் போன்ற பழைய வலிப்பு மருந்துகள், பாராதைராய்டு மிகைச் சுரப்பு, செலியாக் போன்ற குடல் நோய்கள், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, முடக்குவாதம் என இந்த வரிசை நீள்கிறது. முடக்குவாதம் ஸ்டீராய்டு எடுக்காதவரிடமும் எலும்பை அரிக்கும், ஏனெனில் அழற்சியே இடிக்கும் செல்களைத் தூண்டுகிறது. இரண்டாம் வகை நீரிழிவு இவற்றில் தனித்துத் தெரிகிறது: ஸ்கேனில் எலும்பு அடர்த்தி இயல்பாகவோ சற்று அதிகமாகவோகூடத் தெரியும், ஆனாலும் முறிவு கூடுதலாக நிகழும். மிகைச் சர்க்கரை கொலாஜன் இழைகளை இறுகச் செய்து எலும்பின் நெகிழ்வைக் கெடுப்பது அதற்கு ஒரு காரணம். புகைப்பது, மூன்று அலகுக்கு மேல் அன்றாடம் மது அருந்துவது, உடல் எடை மிகக் குறைவாக இருப்பது ஆகியவையும் தனித்தனியே இடரைக் கூட்டுபவை.

ஆண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பெரும் தவறாகும். ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எஞ்சிய வாழ்நாளில் எலும்புப்புரையால் முறிவு நேர்கிறது என்பது பன்னாட்டு அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணிப்பு. இடுப்பருகே முறிவு ஏற்பட்ட பின் இறப்பவர்களின் விகிதம் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். ஆணின் எலும்பையும் பெரிதும் காப்பது ஈஸ்ட்ரோஜன்தான் என்பது எனக்கு வியப்பளித்த செய்தி. அவர்கள் உடலில் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஹார்மோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது. ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பியே செயல்படாத ஓர் இளைஞரைப் பற்றிய கட்டுரை 1994-இல் மருத்துவ இதழில் வெளியானது: 28 வயதில் 204 சென்டிமீட்டர் உயரம், வளர்ச்சி நிற்கும்போது மூட வேண்டிய எலும்பு முனைகள் இன்னும் மூடாத நிலை, டெஸ்டோஸ்டெரோன் இயல்பாக இருந்தும் எலும்பு அடர்த்தி மிகக் குறைவு. ஆனால் வீட்டில் அப்பாவோ மாமாவோ சிறு வீழ்ச்சியில் எலும்பை முறித்துக்கொண்டால், எலும்பு அடர்த்தியைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சோதனை எளிமையானது. டெக்ஸா ஸ்கேன் என்பது மிகக் குறைந்த கதிர்வீச்சில், ஊசி எதுவும் இல்லாமல், சில நிமிடங்களில் இடுப்பிலும் முதுகிலும் எலும்பு அடர்த்தியை அளக்கும். இளம் வயதின் சராசரியோடு ஒப்பிட்டு டி ஸ்கோர் என்ற எண்ணைத் தரும். 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறையின்படி அது −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை, −1-க்கும் −2.5-க்கும் இடையே இருந்தால் அடர்த்திக் குறைவு. அம்மாவுக்கு இடுப்பில் −3.1 வந்தது, முதுகில் −2.2 மட்டுமே. நசுங்கிய எலும்பு இறுகிப்போய் அடர்த்தியாகத் தெரிவதால் அந்த எண்ணை நம்பக் கூடாது என்று மருத்துவர் விளக்கினார். எண்ணுக்கு வேறு வரம்புகளும் உண்டு. மொத்த முறிவுகளில் பெரும்பாலானவை எலும்புப்புரை என்ற கோட்டைத் தாண்டாத, அடர்த்திக் குறைவு நிலையில் இருப்பவர்களுக்கே நேர்கின்றன, ஏனெனில் அவர்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். ஆகவே ஸ்கேன் எண்ணை மட்டும் பார்க்காமல் வயது, பழைய முறிவு, பெற்றோரின் முறிவு, ஸ்டீராய்டு, புகை, மது ஆகியவற்றையும் சேர்த்துப் பத்தாண்டில் முறிவு நேரும் வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற முறையை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளியிட்டார்கள்.

சிகிச்சையைப் பற்றி ஓரிரு வாக்கியங்கள் போதும். அதை மருத்துவரோடுதான் பேச வேண்டும். இடிக்கும் செல்களை அடக்கும் மருந்துகள் 1990-களிலிருந்தே பரவலாக உள்ளன. கட்டும் செல்களைத் தூண்டும் ஊசிகளும் பின்னர் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை இடையில் நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாறாமல் இருந்தால், அடக்கி வைத்த செல்கள் ஒரேயடியாக எழுந்து பல முள்ளெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அம்மாவுக்குத் தரப்படுவது அதுதான், நாள்காட்டியில் அந்தத் தேதியை நான் தவறவிடுவதில்லை.

அம்மாவுக்கு இப்போது 71. மருந்தோடு நடைக்கும் திரும்பிவிட்டார். தொடக்கத்தில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது, இப்போது தனியாகவே போய்வருகிறார். இழந்த உயரம் திரும்பவில்லை, இனியும் திரும்பாது. குளியலறையில் கைப்பிடிகள் பொருத்தினோம், இரவு விளக்கு வைத்தோம், தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்தினோம், கண்புரை அறுவை சிகிச்சையையும் முடித்தோம். விழாமல் இருந்தால் மெலிந்த எலும்பும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

சென்ற ஆண்டு, 46 வயதில், நானும் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். இடுப்பில் −1.6. மருத்துவர் ஃப்ராக்ஸ் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். இதற்கு முன் முறிவு உண்டா என்றார், இல்லை என்றேன். ஸ்டீராய்டு உண்டா என்றார், இல்லை. பெற்றோரில் யாருக்காவது இடுப்பில் எலும்பு முறிந்ததா என்று கேட்டபோது எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பாட்டி அந்தக் கணக்கில் சேர மாட்டார்; அம்மாவின் மணிக்கட்டும் முதுகும்கூடச் சேராது. அந்தக் கேள்வி கேட்பது இடுப்பை மட்டும்தான். இல்லை என்று சொன்னேன், அவரும் அப்படியே குறித்துக்கொண்டார்.